நிழல் விழும் பக்கம்

ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த மணம், ஜோலார்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களிலும் நடுவயதைக் கடந்தவர்களுக்குத் திரைப்படப் பேனரையே முதலில் நினைவூட்டும். சவுக்குக் கட்டைகளாலும் மூங்கிலாலும் கட்டிய சட்டத்தில் காடாத்துணியை இழுத்து ஆணி அடித்து, அதன்மேல் நடிகர்களின் முகங்களை ஆளுயரத்துக்கும் பன்மடங்கு பெரிதாகக் கையாலேயே தீட்டி, கொட்டகை வாசலிலும் நாற்சந்தியிலும் நிறுத்தப்பட்ட விளம்பரப் படமே பேனர் எனப்பட்டது. அச்சு இயந்திரத்திலிருந்து சில நிமிடங்களில் முகங்கள் வெளிவரும் இக்காலத்திலும், ஏதேனும் ஒரு வீட்டில் கதவுக்குப் புதுவண்ணம் பூசும்போது எழும் எண்ணெய் வாடை, அந்தத் தலைமுறையினரைச் சட்டென்று பேனர் பட்டறைகளின் வாசலுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. அங்கே நின்று முகங்கள் உருவாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், நன்மையும் தீமையும் வெவ்வேறு மனிதர்களிடம் தனித்தனியே குடியிருப்பவை என்று நம்புவது கடினம். ஒவ்வொரு முகத்திலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன என்னும் உண்மையை அவர்கள் வண்ணத்தின் வழியாகவே கற்றார்கள். அந்தக் கல்வியின் நினைவுகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோலார்பேட்டை முகங்களைப் பார்க்கக் கிடைத்த ஊர். சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கேதான் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. பெங்களூர்க் கிளைப்பாதை 1864இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே இந்தச் சந்திப்பு, வெவ்வேறு மொழியினரும் தொழிலினரும் வண்டி மாறக் காத்திருக்கும் இடமாக இருந்துவருகிறது. ஏலகிரி மலையின் அடிவாரத்தில் அமைந்த இந்த ஊரில், ரயில்வே குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு நடைமேடையே விளையாட்டுத் திடலாகவும் இருந்தது. சன்னல் கம்பிகளுக்குப் பின்னே நகர்ந்து செல்லும் முகங்களைப் பார்த்து, இவர் நல்லவர், அவர் பொல்லாதவர் என்று ஊகித்துப் பந்தயம் கட்டுவது அக்காலச் சிறுவர்களின் பொழுதுபோக்கு. வண்டி புறப்பட்டுவிட்டால் பந்தயத்தில் வென்றவர் யார் என்று தீர்மானிக்க வழியே இல்லை என்பதால், அந்த விளையாட்டு முடிவில்லாமல் நீண்டது. திரைப்படச் சுருள்கள் அடங்கிய தகரப் பெட்டியும் ரயிலில்தான் வரும். பெட்டி வந்துவிட்டதா என்று விசாரிப்பதற்காகவே மாலையில் நிலையத்துக்கு நடந்தவர்கள் உண்டு. பெட்டி வருவதற்குச் சில நாட்கள் முன்பே, அந்தப் படத்தின் முகங்கள் பட்டறையில் உருவாகத் தொடங்கிவிடும்.

பேனர் வரையும் முறை கட்டம் போடுவதில் தொடங்கும். படக்கம்பெனி அனுப்பும் ஒளிப்படத்தை ஓவியர்கள் 'ஸ்டில்' என்றனர். உள்ளங்கையளவே இருக்கும் அந்த ஸ்டில்லின்மேல் பென்சிலால் சிறுசிறு சதுரங்களைக் கோடிட்டு, அதே எண்ணிக்கையிலான பெரிய சதுரங்களைத் துணியின்மேல் கரிக்கோலால் கிழித்து, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் என்ன தெரிகிறதோ அதை மட்டும் பெரிதாக்கி எடுத்தெழுதுவார்கள். மூக்கின் ஒரு பாதி ஒரு சதுரத்திலும் மறுபாதி அடுத்த சதுரத்திலும் கிடக்கும் அந்த நிலையில், வரையப்படுவது கதாநாயகன் முகமா வில்லன் முகமா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பிறகு தூள்வண்ணங்களை எண்ணெயில் குழைத்து, பட்டைத் தூரிகையால் 'லைட்டு' என்ற வெளிச்சப் பகுதிகளையும் 'ஷேடு' என்ற நிழற் பகுதிகளையும் அப்புவார்கள். சாரத்தின்மேல் உட்கார்ந்து வரையும் ஓவியருக்குக் கண்ணெதிரே தெரிவது ஒரு புருவமோ உதட்டோரமோ மட்டுமே என்பதால், அவர் அடிக்கடி கீழே இறங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று, கண்களை இடுக்கிக்கொண்டு முழுமுகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும்போது, கதாநாயகனின் கன்னம் இளஞ்சிவப்பாகவும் வில்லனின் முகம் பச்சையும் நீலமும் ஓடியதாகவும் தோன்றும். பட்டறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கோ வேறொன்று புலப்பட்டது. எந்த முகமானாலும் அதற்குரிய வண்ணங்கள் ஒரே தட்டிலிருந்துதான் எடுக்கப்பட்டன. கதாநாயகனின் தாடைக்கு அடியிலும், கதாநாயகியின் கழுத்து மடிப்பிலும், கண்குழியின் ஓரத்திலும் பச்சை பூசப்பட்டது. அந்தப் பச்சை இல்லாவிட்டால் முகம் மாவுருண்டையாய்த் தட்டையாகிவிடும் என்பது அத்தொழிலில் பாலபாடம். வில்லனின் நெற்றியிலும் மூக்கு நுனியிலும், கதாநாயகனுக்கு வைத்த அதே மஞ்சள் வெளிச்சம் வைக்கப்பட்டது. வேறுபட்டது அளவு மட்டுமே. எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். கோயில் சிற்பிகள் இறுதியாகக் கண் திறக்கும் சடங்கைப் போலவே அதற்கும் ஒரு முக்கியத்துவம் இருந்தது. புள்ளி விழுந்த கணத்தில் முகம் உயிர்பெற்றுப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். வில்லனின் கண்ணுக்கும் அதே வெள்ளையில்தான் உயிர் வந்தது.

அந்நாளில் மிக அதிகமாகப் பச்சை பூசப்பட்ட முகங்களுள் எம். என். நம்பியாருடையதும் ஒன்று. திரையில் அவர் கைகளைப் பிசைந்துகொண்டு பேசத் தொடங்கியதும் கொட்டகையின் தரை டிக்கெட்டிலிருந்து சாபங்கள் எழும். கிராமத்துப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியதும் உண்டு. ஆனால் அதே நம்பியார் புலால் உண்ணாதவர், மதுவைத் தொடாதவர், ஆண்டுதோறும் இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் பெருங்கூட்டத்தை வழிநடத்திச் சென்ற குருசாமி என்பதும் ஊரறிந்த செய்தியாக இருந்தது. 1950இல் வெளிவந்த 'திகம்பர சாமியார்' படத்தில் பல வேடங்களைத் தாங்கிய அவர், பின்னாளில் தமிழகத்தின் தீமைக்கே முகமாக அறியப்பட்டார். கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்குச் செல்வோர் ஜோலார்பேட்டைச் சந்திப்பில் கறுப்பு வேட்டியுடன் இறங்கி ஏறுவார்கள். அவர்களைப் பார்த்து நின்ற சிறுவர்களின் மனத்தில், பேனரில் பச்சை முகத்தோடு முறைத்த நம்பியாரும் மாலை போட்ட நம்பியாரும் அருகருகே நின்றார்கள். ஒருவரை அழித்துவிட்டு மற்றவரை மட்டும் வைத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை.

ஒரே முகத்தை நல்லவனாகவும் கெட்டவனாகவும் வரைய வேண்டிய கட்டாயம், இரட்டை வேடப் படங்களால் ஓவியர்களுக்கு நேர்ந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டையராகத் தோன்றியது தமிழ்த்திரையில் அவ்வகைக்கு முன்னோடி. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அந்தக் கதை, 1958இல் சிவாஜி கணேசனைக் கொண்டு மீண்டும் படமாயிற்று: கொடுங்கோலனாக வளரும் விக்கிரமன் ஒருவன், நல்லவனாக வளரும் பார்த்திபன் மற்றொருவன், இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பழைய படங்கள் பல ஆண்டுகள் கழித்தும் சுற்றுவட்டாரக் கொட்டாய்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த காலம் அது. அப்படி இந்தப் படம் வந்தபோது, பட்டறையில் முதிய ஓவியர் ஒருவர் ஒரே துணியில் இரண்டு சிவாஜிகளை வரைந்துகொண்டிருந்த காட்சி, சூழ நின்ற சிறுவர்களின் நினைவில் பதிந்துவிட்டது. "எது நல்லவரு, எது கெட்டவருன்னு எப்படித் தாத்தா கண்டுபுடிக்கறது?" என்று ஒரு பையன் கேட்க, அவர் தூரிகையைக் கீழே வைக்காமலே, "ரெண்டும் ஒரே மூஞ்சிதான்டா தம்பி. ஷேடு எந்தப் பக்கம் விழுதுன்னு மட்டும் பாரு" என்றார். விக்கிரமனுக்கு அவர் வெளிச்சத்தைக் கீழிருந்து ஏற்றி, புருவத்துக்கு மேலே நிழலை நிறுத்தினார். பார்த்திபனுக்கு வெளிச்சம் நெற்றியிலிருந்து இறங்கியது. மூக்கு, உதடு, தாடை எதிலும் மாற்றமில்லை. மனிதனின் உறுப்புகள் அப்படியே இருக்க, வெளிச்சம் வரும் திசை மாறினால் அவன் வேறொருவனாகிவிடுகிறான் என்ற பேருண்மை, அந்தப் பிள்ளைகளுக்கு அன்று வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பேனருக்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்தில் முகத்தையே துணியாகக் கொண்ட ஓவியம் ஒன்று வழங்கிவந்தது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. தெருக்கூத்து என்பது, பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், பாரதக் கதையை இரவு முழுவதும் பாடியும் ஆடியும் நிகழ்த்தும் கலை. வேடதாரிகள் அணியும் மரக்கட்டை அணிகலன்களையொட்டிக் கட்டைக்கூத்து என்றும் அதற்குப் பெயருண்டு. செய்யாறு வட்டாரத்துப் புரிசை கிராமத்தின் தம்பிரான் பரம்பரையும், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புஞ்சரசந்தாங்கலில் இயங்கிவரும் கட்டைக்கூத்துச் சங்கமும் இக்கலையை இன்றும் தாங்கி நிற்கின்றன. கூத்து தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, வேடதாரிகள் சிறு கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் தங்கள் முகத்தில் தாங்களே அரிதாரம் பூசிக்கொள்வார்கள். அரிதாரம் என்பது முதலில் ஒரு மஞ்சள் தாதுப்பொருளின் பெயராக இருந்து, பின்னர் ஒப்பனைக்கே பொதுப்பெயரானது. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சையோ நீலமோ என்று குழுவுக்குக் குழு சிறு வேறுபாடுகளோடு வண்ணமரபு உண்டு. பகலில் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலையிலோ வயலிலோ வேலை பார்க்கும் மனிதர், கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து மெல்லமெல்லத் துச்சாதனனாக மாறுவதைச் சிறுவர்கள் தட்டி இடுக்கு வழியே பார்ப்பார்கள்.

அந்த மாற்றத்தின் பொருள், துகில் உரியும் கட்டத்தில் வெளிப்படும். பாஞ்சாலியின் சேலையைப் பற்றுவதற்கு முன், துச்சாதனன் வேடமிட்டவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, பாஞ்சாலி வேடமிட்டவரை அம்மனாகவே கருதி வணங்கி, தாம் செய்யப்போகும் காரியத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்வது பல குழுக்களில் வழக்கம். கற்பூரம் எரிந்து முடிந்ததும் அவர் மறுபடியும் துச்சாதனன்; உறுமலும் குதிப்பும் முன்னிலும் வலுத்திருக்கும். சபையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் அந்த இடைவெளியில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தீமையை நடிப்பவர் தம்முள்ளிருந்தே அதை எடுத்தாக வேண்டும், அது தம்முள் இருப்பதை அவர் அறிவார், அறிந்ததனால்தான் வணங்குகிறார். பொழுது விடிந்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அவர் தேநீர்க் கடைக்கு வரும்போது, ஊரார் எவரும் அவரை விலக்கிவைப்பதில்லை. இரவில் அவரைத் திட்டித் தீர்த்த பாட்டியே, "வாப்பா, தொண்டை கட்டிப் போச்சா?" என்று விசாரித்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள்.

திருவிழாவின் இறுதி நாளன்று நிகழும் படுகளம், முகத்தை மண்ணாலேயே படைக்கும் சடங்கு. பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும்பொருட்டு, கோயில் திடலில் மல்லாந்து கிடக்கும் நிலையில் அவனுடைய பேருருவத்தைக் களிமண்ணால் அமைப்பார்கள். கிரீடமும் முறுக்கிய மீசையும் விரிந்த கண்களும் கொண்ட அந்த உருவத்துக்கு வண்ணம் தீட்டுபவர்கள், தீயவனாயிற்றே என்று எதிலும் குறை வைப்பதில்லை. மார்பில் பதக்கமும் தோளில் அணியும் வைத்து, மன்னனுக்குரிய மரியாதையோடுதான் அலங்கரிப்பார்கள். வீமன் வேடக்காரர் தொடையில் அடித்து, அங்கே புதைத்துவைத்த செந்நீர் வெளிப்பட்டதும், சபதம் நிறைவேறிப் பாஞ்சாலியின் கூந்தல் முடிக்கப்படும். அதன்பின் அழுகை எழும். காந்தாரிக்கும் துரியோதனன் மனைவிக்கும் உரிய ஒப்பாரியில் ஊர்ப்பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளையும் நினைத்து உண்மையாகவே கண்ணீர் விடுவார்கள். கூட்டம் கலையும்போது பல ஊர்களில் மக்கள் அந்த உருவத்திலிருந்து மண்ணை எடுத்து மடியில் முடிந்துகொண்டு போவதுண்டு. வீட்டிலும் நெற்குதிரிலும் வயலிலும் அதை இட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. வீழ்த்தப்பட்ட தீயவனின் உடலை ஊர் எரித்துவிடாமல், விதைநெல்லோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. தீமையை முற்றாக வெளியேற்றிவிட முடியாது, அதைத் தட்டி அடக்கி நிலத்தில் கலந்து பயன்கொள்ளவே முடியும் என்ற முடிவுக்கு இந்த மண்ணின் உழவர்கள் என்றோ வந்திருக்க வேண்டும்.

முகத்தைக் கொண்டு மனத்தை அறிய முடியுமா என்ற வினாவுக்குத் திருக்குறள் இரு முகமாக விடை தருகிறது. குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தில், அடுத்துள்ளதைக் காட்டும் பளிங்கைப் போல் நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்கிறார் வள்ளுவர். கயமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலோ, கயவர்கள் உருவத்தால் மக்களை அப்படியே ஒத்திருக்கிறார்கள், இத்தகைய ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்று வியக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு கணத்தின் உணர்ச்சியை முகம் காட்டும், ஒரு வாழ்நாளின் தகுதியை அது காட்டாது என்று கொள்ளலாம். பேனர் ஓவியர்களின் அனுபவமும் இதுவே: சினத்தையும் சூழ்ச்சியையும் அவர்களால் வரைய முடிந்தது, சினம் தணிந்தபின் அதே முகத்தை வேறு படத்துக்கு அவர்களே வரையவும் நேர்ந்தது.

ஐரோப்பாவின் ஓவியர்களும் அறிஞர்களும் இதே சிக்கலில் உழன்றிருக்கிறார்கள். லியோனார்டோ டா வின்சி மிலான் நகரத்து மடத்தில் 'கடைசி விருந்து' ஓவியத்தைத் தீட்டியபோது, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு ஏற்ற முகம் கிடைக்காமல் பணியை நீட்டித்தார் என்றும், வேறு முகம் அகப்படாவிட்டால், தாமதத்தைக் குறைகூறிய மடத்துத் தலைவரின் முகத்தையே வைத்துவிடுவதாக மிலான் கோமகனிடம் சொன்னார் என்றும் 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வசாரி எழுதிவைத்துள்ளார். 19ஆம் நூற்றாண்டில், முக அமைப்பிலேயே குற்ற இயல்பைக் கண்டறியலாம் என்ற கொள்கையை இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதற்கு ஈராண்டு கழித்து, இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், கொலையும் கொள்ளையும் செய்த கைதிகளின் ஒளிப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்துக் கூட்டுமுகம் ஒன்றை உருவாக்கினார். குற்றவாளிக்கே உரிய முகம் அதில் தெளிந்து தோன்றும் என்று எதிர்பார்த்திருந்த நிலையில், வெளிப்பட்டதோ தனித்தனி முகங்களைவிடப் பார்வைக்கு நல்லதான, சாதாரண மனிதன் ஒருவனின் முகம். தீமை என்று கருதப்பட்ட கூறுகள் மறைந்து, எல்லோருக்கும் பொதுவான மனித இயல்பே எஞ்சியதைக் கால்டன் தாமே பதிவு செய்தார்.

அந்தச் சோதனை சொன்ன பாடத்தை இந்தியாவின் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை. சில சமூகத்தினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பழங்குடிகள் சட்டம், அதற்கு முன்பே 1871இல் வட இந்தியாவில் தொடங்கியிருந்தது; 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அச்சட்டத்தின்கீழ் கைரேகை பதிக்கப்பட்டவர்கள், அடுத்த ஊருக்குச் செல்லவும் காவலரின் அனுமதி வேண்டி நின்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அது நீக்கப்பட்டது. சட்டம் போனபிறகும் நெடுங்காலம், ரயிலடியில் திருட்டு நடந்தால் முதலில் யாருடைய முகங்கள் தேடப்பட்டன என்பதை அக்காலத்தில் நடைமேடையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். சிறுவர்கள் விளையாட்டாகக் கட்டிய அதே பந்தயத்தை அரசு உண்மையென்று எடுத்துக்கொண்டபோது, தலைமுறைகளின் வாழ்வு சிதைந்தது. ஒரு மனிதனுடைய முகத்தில் தீமையை மட்டுமே வரைவது எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

முகத்தில் நன்மையும் தீமையும் எப்படிக் கலந்திருக்கின்றன என்ற வினாவைத் தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் கோட்டாலேயே ஆராய்ந்தவர் கே. எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியடிகளைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாகத் தொடர்ந்து வரைந்த அவர், அதை அடுத்து மன்னர்களின் வரிசையைத் தொடங்கினார். ஒன்றில் எளிமையே உருவான முதியவர். மற்றொன்றில் கிரீடமும் நகைகளும் குவிந்து, அவற்றின் பாரத்தில் உள்ளீடற்றுப்போன அரசர்கள். இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, காந்தியின் சுருக்கங்களுக்கும் மன்னனின் சுருக்கங்களுக்கும் ஒரே மையும் ஒரே கையும் பயன்பட்டிருப்பது தெரியவரும். மகானையும் அதிகார வெறியையும் ஒருவர் அடுத்தடுத்து வரைந்தபோது, இரண்டுக்குமான கோடுகள் அவரிடமே இருந்தன. ஜோலார்பேட்டைப் பட்டறையில் சதுரம் சதுரமாக முகம் வளர்த்த ஓவியர் சென்னை ஓவியக் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை என்றாலும், அந்த உண்மையை அவரும் தம் வழியில் தொட்டிருந்தார்.

இந்த வட்டாரத்தின் அண்மை வரலாறு, தீயவன் என்று ஒரே முகத்தைச் சுட்ட முடியாத சிக்கலை மக்கள் முன் வைத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டுவந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஊர்களில், குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் முறை பரவியபின், கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தீங்கு நேருமுன்பே காக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. சட்டத்தின் முன் பொறுப்பு ஆலைகளுடையதே, அதில் ஐயமில்லை. எனினும் வீடுகளுக்குள் அந்தப் பேச்சு எழுந்தபோது எவராலும் நிமிர்ந்து உட்கார முடிந்ததில்லை. உப்புக்கரித்த கிணற்று நீரைச் சபித்த அதே வீட்டில், ஆலைக் கூலியில்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஆலைச் சொந்தக்காரர்களின் அறக்கட்டளைப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள். பளபளக்கும் காலணியை விரும்பி வாங்கியவர்கள் கடல்கடந்த நாடுகளிலும் இருந்தார்கள். பாலாற்றின் துயரத்தை ஒரு பேனராக வரையச் சொல்லியிருந்தால், பச்சை வண்ணத்தைச் சற்றுச் சற்றாகப் பல முகங்களுக்குப் பங்கிட வேண்டியிருந்திருக்கும், வரைபவரின் முகமும் அவற்றுள் ஒன்றாக.

இன்று அந்தப் பட்டறைகள் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கணினி அச்சு வழியே வந்த பிளக்ஸ், ஒரு வாரக் கைவேலையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தது. வரைந்த கைகளில் சில வாகனங்களுக்கு எண் எழுதவும், சில பள்ளிச் சுவர்களில் தேசத்தலைவர்களை வரையவும் போயின, பல ஓய்ந்தன. தொழில் மாறுவது உலகியல்பு. ஆனால் முகம் காட்டப்படும் முறையே மாறிவிட்டதை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை. திருமண வரவேற்பு, காதணி விழா, பிறந்த நாள், கண்ணீர் அஞ்சலி என எல்லாப் பிளக்ஸ்களிலும் முகங்கள் ஒரே அளவாக வெளுக்கப்பட்டு, சுருக்கம் நீக்கப்பட்டு, நிழலற்று நிற்கின்றன. கைபேசியும் படம் எடுக்கும் முன்பே கன்னத்தின் கருமையைத் துடைத்துத் தருகிறது. தம்முடைய முகத்தை நிழலே இல்லாமல் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை, கருமை முழுவதும் எதிராளியின் முகத்திலேயே இருப்பதாக எளிதில் நம்பிவிடக்கூடும். அரசியல் மேடையிலும், சாதிச் சண்டையிலும், குடும்ப வழக்கிலும் அந்த நம்பிக்கை தொழிற்படுவதை அன்றாடம் காண முடிகிறது.

பட்டறைக் கலையைப் பழைய வடிவிலேயே மீட்பது அரிது. அது கற்பித்ததை மீட்பது அரிதன்று. திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களின் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்கள், ஒவ்வொரு மாணவரும் தம்முடைய ஒளிப்படம் ஒன்றில் கட்டம் போட்டு, அதே முகத்தை இருமுறை, ஒருமுறை வெளிச்சம் மேலிருந்து இறங்குவதாகவும் மறுமுறை கீழிருந்து ஏறுவதாகவும் வரையச் செய்யலாம். காகிதமும் பென்சிலும் தவிர அதற்குச் செலவு ஏதுமில்லை. ஊர்த் திருவிழாவில் கூத்து நடக்கும்போது, வேடதாரிகள் அரிதாரம் பூசும் இடத்துக்கும், படுகளத்து மண்ணுருவம் உயிர்பெறும் திடலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று பக்கத்தில் உட்காரவைக்கலாம். இரண்டு முகங்களுமே தன் கையால் வந்தவை, இரண்டுமே தன்னுடையவை என்பதை ஒரு குழந்தை பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கண்டுகொண்டால், பிறர் முகத்தைத் தீர்ப்பிடும் முன் அது சற்றே தயங்கும்; தன் கோபம் எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வாங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும். அந்தத் தயக்கம் வாய்த்த மனிதர்களே ஒரு வகுப்பறைக்கும், ஒரு தெருவுக்கும், நஞ்சேறிய ஒரு நதியை மீட்கக் கூடியிருக்க வேண்டிய ஒரு மாவட்டத்துக்கும் தேவைப்படுகிறார்கள்.